அடுத்த படகு

தராய்வினிக்கு நெஞ்சைத் திறந்து இதய வால்வைச் சரிசெய்து ஏழு மாதம் ஆகிவிட்டது. அப்படியும் அவளுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குவது நிற்கவில்லை. அதை நடிப்பு என்று ஊரில் முதன்முதலாகச் சொன்னவள் லிதியானா.

லிதியானா வேறு யாருமில்லை, தராய்வினியின் புருஷன் செவுலோனிக்கு உடன்பிறந்த தங்கை. கட்டிக்கொண்டு போன இடத்தில் புருஷன் செத்துப்போக, முப்பது வயதில் பிறந்த ஊருக்கே திரும்பி வந்தவள். அண்ணன் வீட்டை ஒட்டியே தகரக்கூரை போட்டு அவளுக்கு ஒரு வீடு கட்டிக்கொடுத்தார்கள். அண்ணனும் தங்கையும் முகத்துக்கு நேரே பேசிச் சிரிப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. ஒன்று வேண்டுமென்றால் இன்னொருவர் மூலமாகத்தான் சொல்லி அனுப்புவார்கள். ஆனால் அண்ணிக்கும் நாத்தனாருக்கும் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. வாய்க்கு வந்ததைப் பேசலாம். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொண்டவளுக்குத்தான் அவமானம். இவர்கள் இருவரும் பதினோரு வருஷமாக அந்த உரிமையில் ஒரு துளியும் வீணாக்கவில்லை.

இருவரும் எங்கள் தீவின் ரேவா ஆற்றில் மட்டி எடுப்பவர்கள். தம் பிடிப்பதில் தராய்வினியை மிஞ்ச அந்தக் கரையில் ஆள் கிடையாது. ஆள் உயரத்துக்கும் மேலே தண்ணீர் உள்ள இடத்தில் மூழ்கி, சேற்றைக் கையால் துழாவி, இடுப்புப் பை கனத்த பிறகுதான் தலையை வெளியே காட்டுவாள். மற்றவர்கள் அதற்குள் இரண்டு தடவை ஏறி இறங்கியிருப்பார்கள்.

"எங்கண்ணன் தொரத்திவிட்டாக்கூட உனக்குக் கவலையில்ல அண்ணி. ஆத்துக்கு அடியிலயே குடித்தனம் பண்ணிடுவ" என்பாள் லிதியானா.

"உங்கண்ணன் விடுற கொறட்டைக்கு ஆத்துக்கு அடியில படுக்கறதே மேலுடி" என்பாள் தராய்வினி.

சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் இதயத்தின் வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது அவளுக்கு நாற்பத்திரண்டாவது வயதில்தான் தெரிந்தது. முதலில் கால் வீங்கியது. பிறகு மல்லாந்து படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். இரண்டு வருஷம் மாத்திரையிலேயே ஓடியது. கடைசியில் வெளிநாட்டு டாக்டர்கள் தலைநகர் சுவாவுக்கு வந்தபோது இவள் பெயரும் பட்டியலில் வந்தது. நெஞ்சில் தையலோடு திரும்பி வந்தவளுக்கு ஊரே பன்றி அடித்து, மண்ணடுப்பில் சேம்பும் கோழியும் வேகவைத்து விருந்து போட்டது. மூன்று மாதம் கழித்து டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதயம் நல்லா வேலை செய்யுது" என்றார். அந்த ஒரு வார்த்தை பஸ் ஏறி ஊருக்கு வந்து வீடு வீடாகப் போனது.

ஆனால் தராய்வினி தேறவில்லை. ஆற்றிலிருந்து வீட்டுக்கு ஏறும் களிமண் படிகள் இருபத்தைந்தோ இருபத்தாறோதான் இருக்கும். அதற்குள் மூன்று இடத்தில் நின்றாள். துணி துவைக்க உட்கார்ந்தால் இரண்டு உருப்படியோடு சரி. ஜெபத்தில் நீளமான வசனம் வந்தால் பாதியில் விட்டுவிட்டு வாயை மட்டும் அசைத்தாள். செவுலோனி, தீவின் வடக்கே சாலை போடும் கம்பெனியில் வேலை பார்த்தான். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவைதான் வருவான். ஒரே மகள் தூரத்தில் லௌடோகா நகரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அதனால் இரண்டு வீட்டுத் துணி, மரவள்ளித் தோட்டம், விறகு, மட்டி எல்லாம் லிதியானாவின் தலையில் விழுந்தது. முதல் இரண்டு மாதம் மனமொப்பித்தான் செய்தாள். பிறகு இடுப்பு வலிக்க ஆரம்பித்தது. அதன்பிறகு அண்ணி மூச்சு வாங்கும் சத்தம் காதில் விழுந்தாலே எரிச்சல் வந்தது.

ஒரு வியாழக்கிழமை, சபைக்குப் பாய் முடைய மாதர் சங்கத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். வசிதி என்பவள் கேட்டாள். "என்ன லிதி, உங்கண்ணி இன்னைக்கும் வரலையா?"

"இங்கிலாந்து ராணி வெளிய வருவாங்களா? படிக்கட்டுக்குக் கீழ கார் வந்து நின்னா வருவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு கிடைத்ததும் லிதியானாவுக்கு நாக்கு நீண்டது.

"இதயத்த தெச்ச டாக்டருங்க சோம்பேறித்தனத்த வெட்டி எடுக்க மறந்துட்டாங்கடி. டாக்டரே சொல்லிட்டாரு, நல்லா இருக்குதுன்னு. மூச்சு வாங்குறது இப்ப சும்மா பழக்கம். நான் துணிக்கூடையத் தூக்கினா அவளுக்கு மூச்சு வாங்கும். நான் எறக்கி வெச்சா நின்னுடும்!" என்று சொல்லி, கண்ணைச் செருகி, நெஞ்சில் கைவைத்து, தராய்வினி படியேறுவதைப் போலவே செய்து காட்டினாள்.

அங்கே இருந்தவர்களில் ஊர்த்தலைவர் அபாகுகியின் மனைவியும் ஒருத்தி. அன்று மாலையே அது அவர் காதுக்குப் போனது. அடுத்த வாரம் ஆண்கள் யங்கோனா வேரைக் கரைத்துக் குடிக்கும் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது அவரும் அதைச் சொல்லிச் சிரித்தார். ஒரே வாரத்தில் சின்னப்பிள்ளைகள்கூடக் கூடையைத் தூக்கினால் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்கள்.

தராய்வினிக்கும் தெரிந்தது. லிதியானா மரவள்ளி சீவிக்கொண்டிருந்தபோது மெல்ல வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். பேசுவதற்கு முன் கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"நான் நடிக்கிறேன்னு… சொன்னியாமே லிதி."

"வெளையாட்டுக்குச் சொன்னேன் அண்ணி. அண்ணியக் கேலி பண்ணாம வேற யாரப் பண்றது?"

"வெளையாட்டுதான். சரிதான்." அவள் நிறுத்தினாள். கழுத்து நரம்பு இரண்டும் புடைத்து அடங்கின. "எனக்கே தெரியலடி. இதயம் நல்லா இருக்குதுங்குறாங்க. அப்புறம் ஏன்… நான்தான் மனசுக்குள்ள… நடிக்கிறேனோன்னு எனக்கே சந்தேகமா இருக்குது."

"நாளைக்கு வெயில் அடிச்சா எல்லாம் சரியாப் போயிடும்" என்று எதையோ சொல்லிவிட்டு லிதியானா மரவள்ளியைச் சீவினாள்.

அந்த மாதம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் முறை லிதியானாவுக்கு வந்தது. டாக்டர் மறுபடியும் படம் எடுத்தார், மறுபடியும் நல்லா இருக்குது என்றார். ஆனாலும் அவள் பேசும்போது வார்த்தை நடுவில் அறுந்துபோவதைக் கவனித்துவிட்டு, கீழ்மாடியில் உடற்பயிற்சி கற்றுக்கொடுக்கும் பிரணீதாவிடம் அனுப்பினார். பிரணீதா முப்பது வயது இந்தியப் பெண். மேசைமேல் கடிகாரம் மாதிரி ஒரு கருவி இருந்தது. அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் வாய்க்குள் வைக்க ஒரு ரப்பர்.

"மூக்க இந்த கிளிப்பால மூடிடுவேன். உள்ள இருக்குற காத்த முழுக்க வெளிய விடுங்க. அப்புறம் எவ்வளவு பலமா உள்ள இழுக்க முடியுமோ இழுங்க. காத்து வராது, ஆனாலும் இழுக்கணும். முள்ளு எவ்வளவு தூரம் போகுதுன்னு பாப்போம்" என்றாள்.

தராய்வினி இழுத்தாள். கண் பிதுங்கியது, தோள் இரண்டும் காதைத் தொட்டன. முள் இருபத்தாறில் நின்றது. ஐந்து தடவை இழுக்கச் சொன்னாள். இருபத்தாறைத் தாண்டவில்லை.

"எவ்வளவு போகணும் மிஸ்?" என்றாள் லிதியானா.

"உங்க அண்ணி வயசுக்கு எழுபதுக்கு மேல போகணும்."

"இந்தாங்க, நான் இழுத்துக் காட்றேன். இது என்ன பெரிய வித்தையா?" ரப்பரை மாற்றிக் கொடுத்தாள் பிரணீதா. லிதியானா ஒரே இழுப்பில் இழுத்தாள். முள் விருட்டென்று ஓடித் தொண்ணூற்றிரண்டில் போய் நின்றது. சிரித்துக்கொண்டே அண்ணியைத் திரும்பிப் பார்த்தவள், அவள் முகத்தைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தினாள். தராய்வினி அழுதுகொண்டிருந்தாள். துக்கத்தால் அல்ல.

"அப்ப நான் நடிக்கல" என்றாள்.

பிரணீதா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "மூச்ச உள்ள இழுக்கறதுக்கு ஒரு தசை இருக்குது. விலாவுக்குக் கீழ, குறுக்கால, பெரிய தசை. இதயம் கெட்டிருந்த அத்தன வருஷமும் அதுக்குப் போதுமான ரத்தம் போகல. ஆனா மூச்சு வாங்க வாங்க அதுக்கு வேலை மட்டும் ரெண்டு மடங்கு. ஒரு ஆளப் பட்டினி போட்டு ரெண்டாள் வேலை வாங்கினா என்ன ஆவான்? அதான் ஆயிருக்குது. இப்ப இதயத்தச் சரி பண்ணியாச்சு. அந்தத் தசை இன்னும் நோஞ்சானாத்தான் இருக்குது. படத்துல அது தெரியாது. இதய நோய்க்காரங்கள்ல நெறைய பேருக்கு இப்படி இருக்குது. அளந்து பாக்காததால சோம்பேறி, பயந்தாங்கொள்ளின்னு வீட்ல திட்டுவாங்க."

லிதியானா தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் காட்டிக்கொடுக்க ஒரு வார்த்தை போதும். தராய்வினி அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

கை அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய் கொடுத்தார்கள். உள்ளே ஒரு ஸ்பிரிங். மூச்சை உள்ளே இழுத்தால் அந்த ஸ்பிரிங் எதிர்த்து நிற்கும். தம் கட்டி இழுத்தால்தான் திறக்கும். காலையில் முப்பது இழுப்பு, மாலையில் முப்பது. தசைக்குப் பலம் வர வர ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும். கிளம்பும்போது பிரணீதா லிதியானாவின் கையை எடுத்துத் தராய்வினியின் வயிற்றின்மேல் வைத்தாள்.

"மூச்சு உள்ள போகும்போது வயிறு வெளிய வருது பாருங்க. அப்படித்தான் வரணும். என்னைக்காவது மூச்சு இழுக்கும்போது வயிறு உள்ளுக்குள்ள போச்சுன்னா, அந்தத் தசை களைச்சுப்போச்சுன்னு அர்த்தம். அன்னைக்கு ஒண்ணும் யோசிக்காதீங்க. கூட்டிட்டு வந்துடுங்க."

அதற்குப் பிறகு லிதியானா அந்த அறுபது இழுப்புக்கும் காவல்காரி ஆனாள். ஆற்றுக்குப் போகும் முன் ஒருமுறை, வந்து குளித்தபின் ஒருமுறை, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து விரல்விட்டு எண்ணுவாள்.

"பதினேழு. இழு அண்ணி, இழு. எங்கண்ணன் சம்பளத்த இழுக்குறப்ப மட்டும் இந்தத் தெம்பு எங்கேருந்து வருது?"

தராய்வினி குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "சிரிக்க வெச்சு… கொல்லப்பாக்குறியாடி" என்பாள். "இத கணக்குல சேக்காத."

"பதினேழுலயேதான் நிக்குது. இழு."

ஒரு மாதத்தில் முள் முப்பத்துமூன்றுக்குப் போனது. இரண்டரை மாதத்தில் நாற்பத்தொன்று. களிமண் படியில் ஒரே ஒரு தடவைதான் நின்றாள். கிறிஸ்துமஸ் ஆராதனைக்குத் தன் காலால் நடந்துபோய், முதல் பாட்டின் இரண்டு அடிகளைச் சத்தமாகப் பாடினாள். பின்வரிசையிலிருந்த லிதியானாவுக்கு அந்தக் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

மாதர் சங்கத்தில் தான் பேசிய பேச்சைத் திருப்பி எடுக்க வேண்டுமென்று லிதியானாவுக்குத் தோன்றாமல் இல்லை. இரண்டு வியாழக்கிழமை வாய்வரைக்கும் வந்தது. ஆனால் எல்லோர் நடுவிலும் எழுந்து நின்று, நான் சொன்னது பொய், எங்கண்ணிக்கு நிஜமாகவே தசை செத்துக் கிடந்தது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவளே தேறி வருகிறாள், பார்க்கிறவர்கள் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

பிப்ரவரியில் புயல் திசை திரும்பி வந்தது. காற்று ஒரே நாளில் போய்விட்டது, மழைதான் போகவில்லை. மூன்று பகல் மூன்று இரவு கொட்டித் தீர்த்தது. ஆறு படிக்கட்டைத் தாண்டி, மரவள்ளித் தோட்டத்தைத் தாண்டி, லிதியானா வீட்டு ஜன்னல்வரைக்கும் வந்துவிட்டது. ஊர்ச்சனம் முழுவதும் மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்கு ஏறியது. தராய்வினியை இரண்டு ஆண்கள் கைகோத்து உட்காரவைத்துத் தூக்கிப்போனார்கள். அவர்களில் ஒருவன், "ராணியம்மா, கிரீடம் பத்திரம்" என்றான். மழையிலும் சிலர் சிரித்தார்கள்.

அவளுக்கு நீர் பிரியும் மாத்திரை இரண்டு நாளைக்குத்தான் மிச்சமிருந்தது. திங்கட்கிழமை போய் வாங்க வேண்டியது. சாலை தண்ணீருக்கடியில் கிடந்தது, போன் கம்பம் சாய்ந்து கிடந்தது. செவுலோனிக்குச் சொல்லி அனுப்பவும் வழியில்லை. கொண்டுவந்த மரவள்ளி தீர்ந்தபிறகு, வெள்ளத்துக்கு முன்பே பள்ளியில் அடுக்கிவைத்திருந்த டின் மீனும் நூடுல்ஸும்தான் சாப்பாடு. எல்லாவற்றிலும் உப்பு, அவளுக்கு ஆகாத உப்பு. லிதியானா மீனை மழைநீரில் அலசிக் கொடுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் தராய்வினியின் கால் வீங்கியது. விரலால் அமுக்கினால் குழி அப்படியே நின்றது. குழாயை எடுத்து இழுக்கச் சொன்னாள் லிதியானா. நான்காவது இழுப்பிலேயே அவள் கையை ஆட்டிவிட்டாள்.

"நாளைக்கு… ரெண்டு மடங்கா… இழுக்கறேன்."

ஐந்தாம் நாள் காலை மிச்சமிருந்த தூறலும் விட்டது. தராய்வினி சுவரில் சாய்ந்து, இரண்டு கையையும் தரையில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். மூக்கு விடைத்தது. கழுத்துக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போனது. லிதியானா அவள் சட்டைக்குள் கைவிட்டு வயிற்றைத் தொட்டாள். மூச்சு உள்ளே போனது. வயிறும் உள்ளே போனது. கையை எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தாள். அப்படித்தான் போனது.

வெளியே சத்தம் கேட்டது. பக்கத்துக் குடியிருப்பிலிருந்து மோட்டார் படகு ஒன்று வந்திருந்தது. நான்கு பேருக்குத்தான் இடம். அபாகுகி கரையில் நின்று யார் யார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இடுப்புவலி எடுத்த ஒருத்தி, அவளோடு அவள் அம்மா, கூரைத்தகரம் பாதத்தில் ஏறிய ஒருவன், சர்க்கரைக்கு ஊசி போடுபவர் ஒருவர், அவருக்கு ஊசிமருந்து தீர்ந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

"தலைவரே, எங்கண்ணி போகணும். இப்பவே போகணும்" என்றாள் லிதியானா.

"அடுத்த படகுல போகட்டும் லிதி. ரெண்டு மணி நேரத்துல திரும்பி வந்துடுவான்."

"தாங்காது தலைவரே. மூச்சு விட முடியல."

அபாகுகி கெட்டவர் அல்ல. ஐந்து நாளாகத் தூங்காத கண்ணோடு அவளைப் பார்த்தார். "அவ எப்பவும்தானே மூச்சு வாங்குவா? நீதானேம்மா சொன்ன, அது சும்மா பழக்கம், டாக்டரே இதயம் நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டாருன்னு? இந்தப் பொண்ணுக்குப் புள்ள தல தெரியுது. இவரு மயங்கி மயங்கி விழறாரு. நான் யாரை எறக்கறது? நீயே சொல்லு."

சுற்றிலும் ஊர்ச்சனம் நின்றது. மாதர் சங்கத்துப் பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். நான் சொன்னது பொய் என்று அப்போது அவள் சொல்லியிருக்கலாம். நான் கேலிக்குச் சொன்னேன், அவளுக்கு மூச்சு இழுக்கும் தசையே களைத்துப்போய்விட்டது, கடிகார முள்ளை என் கண்ணால் பார்த்தேன் என்று கத்தியிருக்கலாம். பிள்ளை பெறுபவளின் அம்மாவை இறக்கியிருப்பார்கள். வாய் வரவில்லை.

"இது வேற மாதிரி இருக்குது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதையும் மெதுவாகச் சொன்னாள்.

"அடுத்த படகு, முதல் ஆள் அவதான். நான் வாக்குக் கொடுக்கறேன்" என்று அவள் தோளைத் தட்டினார் அபாகுகி. படகு போனது.

படகுக்காரன் ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான். திரும்பும் வழியில் வெள்ளத்தில் வந்த மரக்கட்டை மோதி மோட்டாரின் விசிறி உடைந்துபோனது. அது இங்கே யாருக்கும் தெரியாது. இரண்டு மணி நேரம் மூன்றாகி, நான்காகி, மத்தியானம் சாய்ந்தது.

லிதியானா அண்ணியின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவளைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டாள். வசிதி அட்டையால் விசிறினாள். அந்த அறையில் அறுபது பேர் இருந்தார்கள். மூச்சுச் சத்தம் ஒன்றுதான் கேட்டது. முதலில் வேகமாக இருந்தது. பிறகு இரண்டு சின்ன மூச்சு, ஒரு பெரிய மூச்சு என்று மாறியது. பிறகு எல்லாமே சின்னதாகிவிட்டது. உதடு நாவல்பழ நிறத்துக்கு வந்தது. நினைவு மட்டும் தப்பவில்லை. கண் திறந்தே இருந்தது; வாசலையும் லிதியானாவையும் மாறி மாறிப் பார்த்தது. ஒருமுறை எதையோ சொல்ல வாயெடுத்தாள். அதற்கான காற்று உள்ளே இல்லை. வாயை மூடிக்கொண்டாள்.

"பேசாத அண்ணி. மூச்ச மிச்சம் பிடி. படகு வந்துடும்" என்று லிதியானா அவள் காதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கத்தில், ஒன்று, இரண்டு என்று எண்ணவும் செய்தாள். எத்தனை வரை எண்ணினாள் என்பது பின்னால் அவளுக்கு ஞாபகமில்லை. மூன்று மணி சுமாருக்கு எண்ணுவதற்கு அடுத்த மூச்சு வரவில்லை.

வேறொரு படகு ஐந்து மணிக்கு வந்தது.

செவுலோனி மூன்றாம் நாள் சேற்றில் நடந்தே வந்து சேர்ந்தான். அதற்கு மறுநாள் அடக்கம். போதகர் பிரசங்கத்தில், நம்முடைய சகோதரி தராய்வினி உதட்டில் ஜெபத்தோடு ஆண்டவரிடம் போனாள் என்றார். பெண்கள் விம்மினார்கள். லிதியானா தலை நிமிரவில்லை.

தராய்வினியின் பிறந்த வீட்டார் மேட்டுப்பகுதியிலிருந்து லாரியில் வந்திருந்தார்கள். அவளுடைய அண்ணன் வைசாகே முன்னால் உட்கார்ந்திருந்தான். செவுலோனியின் ஆட்கள் முறைப்படி திமிங்கிலப் பல்லைக் கொடுத்து, உங்கள் பெண்ணைக் காப்பாற்ற எங்களால் முடியவில்லை என்று சொல்லி முடித்தார்கள். எல்லாம் ஆனபிறகு லிதியானா ஒரு கட்டு யங்கோனா வேரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முழங்காலில் நகர்ந்து வந்தாள். வேரை வைத்து மன்னிப்புக் கேட்பது ஆண்கள் செய்வது, ஒரு பெண் தானே அதைக் கொண்டுவந்து பேசுவது வழக்கமில்லை. யாரோ அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தார்கள். அவள் நிற்கவில்லை. வேரை வைசாகேயின் முன்னால் வைத்தாள்.

"உங்க தங்கச்சி நடிக்கிறான்னு ஊர்ல சொன்னது நான்தான்" என்று ஆரம்பித்தாள். பாய் முடைந்த நாள், கடிகார முள், திருத்தாமல் விட்ட இரண்டு வியாழக்கிழமை, படகு எல்லாவற்றையும் சொன்னாள். "அன்னைக்குக் கரையில நின்னப்பவும் சொல்லியிருக்கலாம். வெக்கமா இருந்துச்சு. அந்த வெக்கத்துக்கு அண்ணியக் கொடுத்துட்டேன்."

அபாகுகி எழுந்தார். "யாரு போறதுன்னு முடிவு பண்ணது நான். அவ இல்ல" என்றார். வசிதியும் ஏதோ சொல்லத் தொடங்கி அழுதுவிட்டாள். ஆளாளுக்குப் பழியில் பங்கு கேட்டார்கள். அதனால் லிதியானாவின் பங்கு குறைந்ததாகத் தெரியவில்லை.

வைசாகே குனிந்து, ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக வேரைத் தொட்டான். "தொட்டுட்டேன். எங்க ஆளுங்க யாரும் இனிமே இதப் பத்திப் பேச மாட்டாங்க" என்றான். அவர்கள் பேசவும் இல்லை.

செவுலோனி அந்த இடத்தில்தான் இருந்தான். பத்தாம் நாள் முடிந்ததும் வடக்கே வேலைக்குப் போய்விட்டான். நூறாம் நாள் துக்கம் கழிக்கத்தான் வந்தான். கறுப்புத் துணியைக் கழற்றி, சாப்பாடு முடிந்து, சனம் கலைந்தது. லிதியானா தன் வீட்டில் பானை கழுவிக்கொண்டிருந்தாள். வெள்ளம் ஏறிய கறை சுவரில் இன்னும் இருந்தது. வாசலில் நிழல் விழுந்தது. அவள் அங்கே குடியேறிய நாளிலிருந்து செவுலோனி அந்த வாசலைத் தாண்டியதில்லை. இப்போது உள்ளே வந்து அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கணும். வேற யாரையும் விட்டுக் கேக்க முடியல" என்றான். "அவ கடைசியா என்ன சொன்னா? போதகரு சொன்னாரே, ஜெபம் பண்ணிட்டே போனான்னு. என்ன ஜெபம்? என்னப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவன் எழுந்து போயிருப்பான். ஊரும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தது. லிதியானா ஈரக்கையைப் பாவாடையில் துடைத்தாள்.

"ஒண்ணும் சொல்லலண்ணா."

"ஒண்ணுமேவா?"

"பேச மூச்சு இல்ல. ஒரு தடவ வாயத் தொறந்தா. வரல. மூடிக்கிட்டா."

"நெனவு?"

"கடைசி வரைக்கும் இருந்துச்சு."

செவுலோனி சுவரைப் பார்த்தான். "காலையிலேருந்து மூணு மணி வரைக்குமா?" என்றான்.

"ஆமாண்ணா."

அவன் தலையை ஆட்டினான். ஒருமுறை ஆட்டியவன் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தான். பிறகு எழுந்து, வாசலில் விட்ட செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல், அதைக் கையில் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்கு நடந்தான்.